மூன்று கலயங்கள்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் நங்கையார் என்னும் அம்மையார் பாடம் சொல்லிவந்தார். அவருடைய மாணவர் சேந்தன் அவரைவிட வயதில் மூத்தவர். தலைநகரில் வாதம் செய்து பேர் வாங்கியவர்.

மறுநாள் அரசவையில் வாதம். உயிர்களுள் மனிதனே அறிவில் உயர்ந்தவன் என்று சேந்தன் நிறுவ வேண்டும். சென்ற ஆண்டு அதே அவையில் அவர் தோற்றிருந்தார். அங்கே எழுந்த சிரிப்பை அவர் இன்னும் மறக்கவில்லை. ஆனால், ஆசிரியர் விடைகொடுக்காமல் மாணவர் அவையேறக் கூடாது என்பது மடத்து வழக்கம்.

"மனிதன் உயர்ந்தவன்தானே, அம்மையே?"

"எப்படி அறிந்தீர்கள்?"

"சோதித்தே காட்டுகிறேன்."

சேந்தன் மடத்து நாய் கருவனை வெளியே நிறுத்திவிட்டு, மூன்று கலயங்களைத் தரையில் கவிழ்த்தார். ஒன்றின் அடியில் வெல்லக்கட்டியை வைத்து, அந்தக் கலயத்தின்மேல் ஒரு பூவையும் வைத்தார்.

"மூன்றையும் சாம்பலிட்டுத் தேய்த்து, உள்ளே வெல்லப்பாகு பூசியிருக்கிறேன். மோப்பம் உதவாது. பூ இருக்கும் இடத்தில்தான் வெல்லம் என்று மனிதன் அறிவான். நாய் அறியாது."

"கஞ்சிக் கலயத்தை இவ்வளவு சுத்தமாக நீங்கள் ஒருநாளும் தேய்த்ததில்லை" என்றார் நங்கையார்.

கருவன் உள்ளே வந்தது. சேந்தனை அண்ணாந்து பார்த்தது. நேரே போய்ப் பூ இருந்த கலயத்தை உருட்டி, வெல்லத்தைத் தின்றது.

சேந்தன் அதை வெளியே விட்டு, கலயங்களை இடம் மாற்றி, மீண்டும் வெல்லமும் பூவும் வைத்தார். மறுபடியும் அதுவே நடந்தது. அடுத்த முறையும் அப்படியே.

சேந்தனுக்கு வியர்த்தது. "பூவின் பொருள் இதற்குத் தெரிந்துவிட்டது! நாளை எதிராளி இதைச் சொன்னால் நான் தொலைந்தேன்."

"மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு செய்யுங்கள்."

அவர் முகத்தை மூடிக்கொண்டார். கருவன் அந்தத் துணியின் முன் நின்று முனகியது. பூவைத் தாண்டிப் போய், வெறும் கலயம் ஒன்றை உருட்டியது.

சேந்தன் துண்டை உதறிவிட்டுச் சிரித்தார். "பூவாவது, பொருளாவது! இத்தனை நேரமும் என் முகத்தைத்தான் பார்த்திருக்கிறது. இதற்குப் பெயர் அறிவா?"

"உங்கள் முகத்தில் என்ன இருந்தது?"

"எனக்கே தெரியாது. அதுவா முக்கியம்? இது போதும், நாளை வென்றுவிடுவேன். விடைகொடுங்கள், அம்மையே. போகலாமா, கூடாதா?"

நங்கையார் அவரைப் பார்த்தபடி இருந்தார்.

"பதில் சொல்லுங்களேன்!"

"சொல்லிவிட்டேன்."

"வாயே திறக்கவில்லையே!"

"ஆண்டுக்கணக்கில் என் முகத்துக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். பாருங்கள்."

சேந்தன் பார்த்தார். இன்னும் அருகில் வந்து பார்த்தார். அந்த முகம் போகச் சொல்கிறதா, இருக்கச் சொல்கிறதா, அவருக்குப் பிடிபடவில்லை.

கருவனும் அம்மையாரின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு நடந்து போய், வாசலை மறித்துப் படுத்துக்கொண்டது.

"அது என்ன சொல்கிறது?" என்று மெல்லக் கேட்டார் சேந்தன்.

"நான் சொன்னதைத்தான்."