கோடு நின்ற இடம்

“மேடம், நான் ஊருக்குப் போறேன்.”

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்த பிச்சையா, உட்காரக்கூட இல்லை.

பேராசிரியை அங்கயற்கண்ணி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நாலு மணிக்கு உங்க பேச்சு இருக்கே சார். பேசிட்டுப் போங்க.”

“பேசறதுக்கு ஒண்ணும் இல்ல.”

இப்போது அவர் திரும்பினார்.

பிச்சையாவுக்கு நாற்பத்து நாலு வயது. விருதுநகர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பத்தொன்பது வருஷம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர். ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி, கருந்துளையின் நடுவில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள். பாடப்புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவருக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று வருஷம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு இந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். வாய்த்த வழிகாட்டி அவரைவிட ஆறு வயது இளையவர். அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

விடுப்பு முடிய இன்னும் பதினெட்டு நாள்.

“உக்காருங்க. என்ன ஆச்சு?”

பிச்சையா உட்கார்ந்தார். கையிலிருந்த தாள்கட்டை மேஜைமேல் வைத்தார். வைத்த கை அதன்மேலேயே இருந்தது.

பெரிய நட்சத்திரம் ஒன்று தன் பாரம் தாங்காமல் உள்ளுக்குள் சரிந்தால் கருந்துளை. சரிவு எங்கே போய் முடிகிறது என்று கேட்டால், பழைய சமன்பாடுகள் முடிவிலி என்று சொல்லிக் கைவிரித்துவிடும். பிச்சையா அவற்றில் குவாண்டம் திருத்தம் ஒன்றைச் சேர்த்தார். சரிந்தது நசுங்கவில்லை. பந்துபோல் எகிறி, மறுபடி விரிந்தது.

போன மாதம் அந்த விடை வந்த அன்று, வராந்தாவில் நின்று மனைவி சண்முகக்கனிக்கு போன் போட்டார்.

“கண்டுபிடிச்சிட்டீகளா?” என்றாள் அவள்.

“கண்டுபிடிச்சிட்டேன்” என்றார்.

இப்போது மேடத்திடம் சொன்னார். “அந்தத் திருத்தத்துல ஒரு எண் வரும். அது எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. நான் ஒண்ணுன்னு வெச்சிக்கிட்டேன். எல்லாரும் அப்படித்தான வெக்கிறாங்க. முந்தாநாள் சும்மா ரெண்டுன்னு போட்டுப் பார்த்தேன்.”

“ம்.”

“எகிறல. நடுவுல நின்னு ஆடுது. அரைன்னு போட்டேன். நசுங்கிப் போச்சு.”

மேடம் கணினித் திரையை அணைத்தார்.

“மூணு வருஷமா நான் எதை உள்ளே போட்டேனோ, அதுதான் மேடம் வெளியே வந்திருக்கு. கருந்துளை எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நானே கேட்டு நானே பதில் சொல்லியிருக்கேன்.”

ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

“இதுல ஞானமுத்து வேற முன்வரிசையில உக்காருவாரு.”

ஞானமுத்து முப்பது வருஷமாக அயல்நாட்டில் இதே துறையில் இருப்பவர். பெரிய பெயர். ஒரு வாரம் விருந்தினராக வந்திருந்தார். அவர் கேள்வி கேட்க எழுந்தால் பேசுகிறவர் பாதி செத்துவிடுவார் என்று சொல்வார்கள்.

மேடம் எழுந்து கரும்பலகையைச் சுத்தமாகத் துடைத்தார். சாக்பீஸை நீட்டினார்.

“வரையுங்க.”

“எதை?”

“ஒண்ணு போட்டா என்ன வருது? ரெண்டு போட்டா? அரை போட்டா? எல்லாத்தையும் ஒரே படத்துல.”

பிச்சையா வரைந்தார். கருந்துளையின் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சரியும் ஒரு கோடு. அதன் மேலேயே இரண்டாவது. அதன் மேலேயே மூன்றாவது.

“இன்னும் ரெண்டு எண் போடுங்க.”

தாளில் கணக்குப் போட முக்கால் மணி நேரம் ஆனது. அவர் ஒரு தாளில் போட, மேடம் இன்னொரு தாளில் போட்டுச் சரிபார்த்தார். நாலாவது கோடு விழுந்தது. ஐந்தாவதும் விழுந்தது.

ஐந்தும் ஒன்றாகவே ஓடின. வெகுதூரம் உள்ளே போனபிறகு ஓரிடத்தில், விளக்குமாற்றுக் குச்சிகள்போல ஐந்து திசையாகப் பிரிந்தன.

பிச்சையா அந்தப் பிரிவையே வெறித்துக்கொண்டிருந்தார். “பார்த்தீங்களா? ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்ல.”

மேடம் பலகைக்கு அருகே வந்தார். உள்ளங்கையைப் பிரியும் இடத்தில் வைத்தார். அங்கிருந்து வலப்பக்கம் ஒரே இழுப்பு.

ஐந்து வாலும் போய்விட்டன. ஒரு கோடு மட்டும் இருந்தது.

“இதைப் பேசுங்க.”

“மிச்சம்?”

மேடம் கையில் ஒட்டிய பொடியைத் தட்டிவிட்டார். “சாக்பீஸ் நல்லதா எடுத்துட்டுப் போங்க. பின்வரிசைக்குத் தெரியணும்.”

நாலு மணிக்கு அரங்கில் முப்பது பேர் இருந்தார்கள். ஞானமுத்து முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பிச்சையா பலகை முன் வந்து நின்றார். முதலில் சொல்லவேண்டியதை முதலிலேயே சொன்னார்.

“நான் அனுப்பின பேச்சுச் சுருக்கத்துல, சரிவு நடுவுல எகிறித் திரும்பும்னு எழுதியிருந்தேன். அது நான் தேர்ந்தெடுத்த எண்ணால வந்த விடை. எகிறும்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல.”

யாரோ நாற்காலியில் அசைந்தார்கள்.

கோட்டை வரைந்தார். அது ஏன் அப்படிப் போகிறது என்று படிப்படியாகச் சொன்னார். பத்தொன்பது வருஷம் வகுப்பெடுத்த குரல் மெல்லத் திரும்பி வந்தது. எந்த எண்ணைப் போட்டாலும் இந்த இடம்வரை இப்படித்தான் என்று காட்டினார்.

பிறகு சாக்பீஸை வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரப் பேச்சு. இருபத்தைந்து நிமிஷம்தான் ஆகியிருந்தது.

“அப்புறம்?” என்றார் ஞானமுத்து.

“தெரியாது சார்.”

“கணக்கு அங்கேயே நின்னுடுதா?”

“நிக்காது சார். நீங்க என்ன எண் போட்டாலும் ஒரு விடை கொடுக்கும். அது கணக்கோட விடை இல்ல. நம்மளோடது.”

ஞானமுத்து எழுந்தார். பின்வரிசையில் ஒரு ஆராய்ச்சி மாணவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் மேடையேறிப் பலகைக்கு நேரே வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கோட்டின் நுனிக்கு முகத்தைக் கொண்டுபோனார்.

“எத்தனை எண் போட்டீங்க?”

“அஞ்சு.”

“அஞ்சும் இங்கேதான் பிரியுதா?”

“ஆமா சார்.”

விரலைக் கோட்டின்மேல் படாமல் நுனிவரை ஓட்டினார்.

“நான் பதினோரு வருஷமா இந்த இடத்துக்கு அந்தப் பக்கம்தான் வேலை பார்க்கறேன்” என்றார், பலகையைப் பார்த்தபடியே. “என்ன எண் போட்டேன்னு இப்பத்தான் யோசிக்கறேன்.”

ஞானமுத்து கையை நீட்டினார். பிச்சையா சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார். இருவரும் தோளோடு தோள் நின்று எழுத ஆரம்பித்தார்கள். பத்து நிமிஷத்தில் பலகைமுன் ஏழெட்டுப் பேர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அடித்தார். ஒருவர் தன் விடையையே தான் அடித்தார்.

இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் எப்போது இறங்கியது என்று பிச்சையாவுக்கே தெரியவில்லை. பசித்தது.

ஆறு மணிக்கு எல்லாரும் கலைந்தார்கள். மேடம் கதவருகே நின்றிருந்தார்.

“இன்னும் பதினெட்டு நாள் இருக்கு சார். எழுதி முடிச்சிடலாம்.”

“முடிச்சிடலாம் மேடம்.”

சேர்ந்து படியிறங்கினார்கள். கடைசிப் படியில் பிச்சையா நின்றார்.

“ஒண்ணு கேக்கணும். கோடு இப்படிப் பிரியும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். நானா வந்து சேரட்டும்னு மூணு வருஷம் காத்திருந்தீங்க. அப்படித்தான?”

“எனக்கா?” அங்கயற்கண்ணி திரும்பினார். “காலையில நீங்க வரையற வரைக்கும் எகிறும்னுதான் சார் நானும் நெனச்சிட்டிருந்தேன்.”

பிச்சையா வாய்விட்டுச் சிரித்தார்.