இசக்கியம்மாள் டீச்சரின் பட்டம்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. பேச்சு வராத, எழுத்து பிடிபடாத பிள்ளைகளுக்கு அங்கே பாடம் சொல்லிக்கொடுத்தவர் இசக்கியம்மாள் டீச்சர். சிறப்புக் கல்வியில் பட்டம் வாங்கியவர்; சம்பளமோ கணக்கு டீச்சர் வாங்குவதில் பாதிதான்.

பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும் ஜூன் மாதத்தில், தாளாளர் கோதண்டத்தின் அறைக்குப் போய்ச் சம்பள உயர்வு கேட்டார். கோதண்டம் தொந்தி குலுங்கச் சிரித்தார்.

"பிள்ளைங்களோட விளையாடுறதுக்கு ஒரு பட்டமா? அந்தக் காகிதத்துக்கு ஒரு ரூபாய் கொடுக்கிற ஆளைக் காட்டுங்க டீச்சர், கணக்கு டீச்சர் சம்பளத்தையே தர்றேன்!"

வாசலில் வரிசையில் நின்ற பெற்றோர் காதிலும் அது விழுந்தது. டீச்சருக்கு முகம் சுருங்கிப்போனது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த தன் பட்டத்தின் நகலைக் கழற்றப் போனார்.

கோதண்டம் பதறி எழுந்தார். "ஐயையோ, அதை எடுக்காதீங்க! அதைப் பார்த்துத்தானே இவங்க ஆளுக்குப் பத்தாயிரம் கூடுதலா கட்டுறாங்க!"

"ஒரு ஆள்தானே கேட்டீங்க? வரிசையே நிக்குதே சார்!"

பெற்றோர் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அத்தனை பேர் முன்னால் கோதண்டம் புதுச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகுதான் டீச்சர் நாற்காலியை விட்டு இறங்கினார்.