பிசின் பூசிய அச்சு

ஒரு காட்டில் நடந்த பந்தயம் இது, குழந்தைகளே. இதைச் சொல்பவனுக்கே பல வருடமாக இந்தக் கதையில் சந்தேகம் உண்டு. ஏனென்றால், அவனுக்கு இதைச் சொன்னது பந்தயத்தில் தோற்ற காட்டுப்பூனை. தோற்றவர் சொல்லும் கதையில் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும்.

அந்தக் காட்டில் வருடத்துக்கு ஒருமுறை தெருப் பந்தயம் நடக்கும். காலால் மிதித்து ஓட்டும் மரவண்டிகள், விலங்குகள் குடியிருக்கும் தெருக்களை ஐந்து முறை சுற்றி வரவேண்டும். சடையன் என்ற காட்டுப்பூனைதான் மூன்று வருடம் ஜெயித்தான். பிறகு துரும்பன் என்ற முயல் வந்தான். அடுத்த இரண்டு வருடமும் மாலை அவன் கழுத்தில்தான் விழுந்தது.

சடையன் ஓட்டிய வண்டி கரடியாருடையது. அவர் கறாராகச் சொல்லிவிட்டார்: "முதல் இரண்டு இடத்துக்குள் வா. இல்லையென்றால் இந்த வண்டியில் இனி நீ உட்கார வேண்டாம்."

இரண்டாம் இடம் சடையனுக்குச் சுலபம். ஆனால் துரும்பன் முதலில் வருவதை இன்னொரு முறை பார்க்க அவனால் முடியாது.

"இத்தனூண்டு காலை வைத்துக்கொண்டு எப்படி ஓட்டுகிறான்? அந்த வண்டியில்தான் ஏதோ இருக்கிறது!" என்று பொருமினான்.

வண்டியைப் பழுது பார்க்கும் பெருச்சாளி தலையை நிமிர்த்தவில்லை. "அவன் வளைவில் நன்றாகத் திருப்புகிறான் அண்ணே. அவ்வளவுதான்."

"நீ யார் பக்கம்டா?"

"நான் சக்கரத்தின் பக்கம்."

பந்தய நாள் காலையில் எல்லா வண்டிகளும் ஒரே புளியமரத்தடியில் நிற்கும். அங்கே காவல் வைப்பது கேவலம் என்பது அந்தக் காட்டு வழக்கம். எல்லோரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். சடையன் மட்டும் வயிறு சரியில்லை என்று தங்கிவிட்டான்.

முந்தின நாள் துரும்பன் ஒரு சின்னப் பானையிலிருந்து எதையோ வழித்து, வண்டிக்கு அடியில் தடவியதை அவன் பார்த்திருந்தான். பானை அங்கேயே இருந்தது. விரலை விட்டான். வழுவழுவென்று வழுக்கியது.

"ஓகோ, இதுதானா உன் வித்தை!"

தன் வண்டி அச்சிலிருந்த இலுப்பை எண்ணெயைத் துடைத்துவிட்டு, அதை அள்ளி அப்பினான்.

முதல் இரண்டு சுற்றும் வண்டி பறந்தது. சடையன்தான் முன்னால். மூன்றாம் சுற்றில் சக்கரம் கீச்சிட்டது. நான்காம் சுற்றில் அச்சிலிருந்து புகை கிளம்பியது.

"அண்ணே, புகை! நிறுத்தித் தண்ணீர் ஊற்றுங்கள்!" என்று பெருச்சாளி தெருவோரமாக ஓடிக்கொண்டே கத்தியது.

சடையன் நிறுத்தவில்லை. கறையான் புற்று இருக்கும் புற்று முனை வளைவில் அச்சு இறுகியது. சக்கரம் ஒரு குலுக்குக் குலுக்கி அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு மிதித்தும் அசையவில்லை. துரும்பன் கடந்து போனான். நரி போனது. உடும்புகூடப் போனது.

பந்தயம் முடிந்ததும் மாலையோடு துரும்பன் வந்தான். அச்சைத் தொட்டு, மோந்து பார்த்தான்.

"ஐயோ அண்ணே, இது வேலம்பிசின்! பிரேக் கட்டையில் தடவி, மணல் தூவிக் காயவைப்பேன். வளைவில் கட்டை நன்றாகப் பிடிக்கும். ஈரமாக இருக்கும்வரை வழுக்கும். சூடு ஏறினால் ஒட்டிக்கொள்ளுமே!"

கரடியார் வண்டியை உடும்பிடம் கொடுத்துவிட்டார்.

இந்தக் கதையைச் சடையன் பலமுறை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறையும், புற்று முனையில் துரும்பன் பத்தடி பின்னால் வந்ததையும், அவனுடைய இடது காது மடங்கியிருந்ததையும், நாக்கு வெளியே தொங்கியதையும் ஒன்று விடாமல் சொல்வான். கடைசியில் பெருமூச்சு விடுவான்.

"புகை வந்ததை நான் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் தண்ணீர் ஊற்றி, இரண்டாம் இடமாவது வந்திருப்பேன்."

வெகுகாலம் தயங்கிய பிறகு, ஒருநாள் கதை சொல்பவன் அவனிடம் கேட்டே விட்டான்:

"பின்னால் வந்தவனின் காது மடங்கியிருந்தது உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் காலடியில் வந்த புகை தெரியவில்லை. அப்படியென்றால், சடையா, நீ எந்தப் பக்கம் பார்த்து வண்டி ஓட்டினாய்?"

நீதி: பொறாமைப்படுபவன் அடுத்தவரையே பார்த்துக்கொண்டிருப்பான், தன் கேடு தன் காலடியிலேயே நடந்தாலும் அவனுக்குத் தெரியாது.