முதுகில் கட்டிய தாம்பாளம்

மொட்டையாண்டிபுதூரில் துப்பாக்கி சுடும் கழகம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் நாலு பேர், காற்றுத் துப்பாக்கி ஒன்று. கழகம் தொடங்கிய நாளிலிருந்து இதுவரை யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. இலக்குக் காகிதத்துக்கும் ஏற்பட்டதில்லை என்பதுதான் பிரச்சினை.

அந்தப் பிரச்சினை மற்றவர்களைவிட அதிகமாக அரித்தது செயலாளர் நாச்சிமுத்துவை. கழகம் நடப்பது மில்லுக்காரர் ஆறுச்சாமியின் பழைய குடோனில். சுட்ட குண்டு எங்கேயாவது பட்டது என்று பொங்கலுக்குள் தன் கண்ணுக்குக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் குடோனைக் கோழிப்பண்ணை ஆக்கிவிடுவேன் என்று அவர் சொல்லிவிட்டார். கோழிகளுக்குத் தீனி போட ஓர் ஆள் வேண்டுமே? நாச்சிமுத்துவின் மனைவி பூவாத்தா தன் வீட்டுக்காரரையே அதற்குப் பேசி முடித்திருந்தாள். நாச்சிமுத்துவுக்குக் கோழி என்றாலே ஆகாது. செயலாளராக இருந்த மனிதர் தீனிச் சட்டியைத் தூக்குவதா என்று நினைத்தபோதெல்லாம் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் அவர்கள் முறைப்படிதான் கற்றுக்கொண்டார்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் மரியசூசை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கறிச்சோறு சாப்பிட்டார். முக்கியமான விதிகளை மட்டும் சொன்னார். "இதுல ஒரு சொல்லும் பிசகக் கூடாது" என்று எச்சரித்துவிட்டு, மகள் வீட்டுக்கு பெங்களூர் பஸ் ஏறிவிட்டார். மொட்டையாண்டிபுதூர்க்காரர்கள் பெரியவர்கள் பேச்சைத் தட்டுகிறவர்கள் அல்ல. அங்கேதான் வினையே.

துப்பாக்கி, சுடுகிறவர் உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்று ஹவில்தார் சொல்லியிருந்தார். ஆகவே கடைக்குப் போகும்போது உறுப்பினர்களில் ஒருவரான தையற்காரர் மாரப்பன் அளவு நாடாவோடு வந்தார். நாலு பேருக்கும் தோள், கை, மார்பு, இடுப்பு என்று அளந்தார். கடையில் இருந்த துப்பாக்கிகளுக்கும் அதேபோல அளந்தார்.

"ஒரு துப்பாக்கிக்கும் இடுப்பே இல்லீங்க" என்றார் மாரப்பன், கடைக்காரரிடம் கொஞ்சம் வருத்தமாக.

தலைவர் சின்னையன் குள்ளம், கருப்பண்ணன் உயரம். ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தாது. கடைசியில் யாருக்குமே பொருந்தாத துப்பாக்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் உறுப்பினர்களுக்குள் மனத்தாங்கல் வரவில்லை.

கடைக்காரர் ஒரு டப்பா குண்டும் கொடுத்தார். குடோனுக்கு வந்ததும் மாரப்பன் அதைத் திறக்கப் போனார். நாச்சிமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹவில்தார் என்ன சொன்னாரு? எந்தத் துப்பாக்கியக் கையில எடுத்தாலும் அதுல குண்டு இருக்குன்னே நெனைக்கோணும். இல்லீன்னு ஒருநாளும் நெனைக்கக் கூடாதுன்னாரா, இல்லியா?"

"சொன்னாருங்க."

"அப்ப இருக்கற எடத்துல மறுபடியும் எதுக்குப் போடறே?"

மாரப்பனுக்கு வேர்த்துவிட்டது. நல்ல வேளையாக ஒரு பெரிய ஆபத்து தப்பியது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். டப்பாவுக்குச் சந்தனம் வைத்து முருகன் படத்துக்கு முன்னால் வைத்தார்கள். அது இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது.

அதன் பிறகு ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும் சுட்டார்கள். துப்பாக்கி 'டப்' என்றது. காகிதம் கல்யாணப் பெண் மாதிரி அசையாமல் நின்றது. ஓட்டை ஏன் விழவில்லை என்று நாச்சிமுத்து கேட்டதற்கு, எட்டாவது வரை படித்தவரும் அதனால் கழகத்தின் விஞ்ஞானத்துக்குப் பொறுப்பானவருமான கருப்பண்ணன் விளக்கம் சொன்னார்.

"அத்தன வேகமுங்க. தண்ணிக்குள்ள கத்தியப் பாய்ச்சி எடுத்தா தண்ணி கிழியுதா? அந்த மாதிரி, காயிதத்துக்கே தெரியாமப் போயிருது."

இப்படிச் சுட்டதும் அடிக்கடி இல்லை. சுடுவது என்று முடிவு செய்யும் வரைக்கும் விசையில் விரல் வைக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. கழகத்தில் முடிவு என்றால் கூட்டம் போட வேண்டும். ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். நாச்சிமுத்து துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்தபடி நிற்பார். பின்னால் மற்ற மூவரும் விவாதிப்பார்கள். சில நாள் தீர்மானம் தோற்றுவிடும். அவர் கைவலியோடு வீட்டுக்குப் போய்விடுவார்.

பொங்கல் நெருங்கியது. மில்லுக்காரர் சோதித்துப் பார்க்க நாள் குறித்துவிட்டார். அப்போதுதான் நாச்சிமுத்துவுக்கு ஹவில்தார் சொன்ன இன்னொரு விதி நினைவுக்கு வந்தது. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஒருவன் சுடவே கூடாது.

"சுவரு இருக்குது" என்றார் சின்னையன்.

"சுவத்துக்குப் பின்னாடி?"

சின்னையன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சோளக்காடு இருந்தது. சோளக்காட்டுக்குப் பின்னால்? மறுபடி போனார். தார் ரோடு இருந்தது. ஒவ்வொன்றுக்கும் திரும்பி வந்து சொல்வது வீண் அலைச்சல் என்று தலைவர் கைப்பேசியோடு கிளம்பினார். முதலில் சைக்கிளில் போனார், அப்புறம் பஸ்ஸில்.

"பாலக்காடு வந்துட்டேன். இதுக்குப் பின்னாடியும் ஊரு இருக்குது. சுட்டுராதீங்க."

இரண்டு நாள் கழித்துக் கடற்கரையிலிருந்து பேசினார். "நிலம் முடிஞ்சு போச்சு. இனி ஒரே தண்ணி. தண்ணிக்குப் பின்னாடி என்னன்னு இங்க யாருக்கும் தெரியல."

இந்தக் கேள்விக்குக் கருப்பண்ணனின் எட்டாவது படிப்பு கைகொடுத்தது. அவர் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, விரலை அதன் மேல் வைத்து மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தார். விரல் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. அவர் முகம் வெளுத்துப்போயிற்று.

"செயலாளரே, உலகம் உருண்டை. நேராப் போயிட்டே இருந்தா கடைசில எலக்குக்குப் பின்னாடி இருக்கறது உங்க முதுகுதானுங்க."

நாச்சிமுத்து தன் முதுகைத் தடவிப் பார்த்தார். இத்தனை மாதம் நம்மையே அல்லவா சுட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் கோழித் தீனியை நினைத்துக்கொண்டு மனத்தைத் திடப்படுத்திக்கொண்டார். வீட்டுக்குப் போய், மாமனார் சீராகக் கொடுத்த பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தைக் கேட்டார்.

"எதுக்குங்க?" என்றாள் பூவாத்தா.

"முதுகுல கட்டறதுக்கு."

"கொடுக்கறேன். ஆனா தை மாசம் மச்சினி சீருக்கு வேணும். நசுங்காமக் கொண்டாந்துரோணும்."

சோதனை நாளன்று, கடற்கரையிலிருந்து திரும்பியிருந்த தலைவரின் முன்னிலையில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. குடோனின் பின் சுவரில் காகிதத்தை ஒட்டினார்கள். வாசலுக்கு வெளியே, தென்னை மரத்தடியில் நாச்சிமுத்து துப்பாக்கியோடு குப்புறப் படுத்தார். மாரப்பன் தாம்பாளத்தை அவர் முதுகில் வைத்து நாடாவால் இறுக்கிக் கட்டினார். மில்லுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். 'டப்' என்றது துப்பாக்கி.

மில்லுக்காரர் எழுந்து போய்க் காகிதத்தைப் பார்த்தார். சுவரையும் தடவினார். "ஒண்ணும் படலியே அப்பா. கோழிக்குஞ்சுக்குச் சொல்லிவிடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க மொதலாளி" என்றார் கருப்பண்ணன். "இப்பத்தான் பாலக்காடு தாண்டியிருக்கும்."

எலுமிச்சம்பழத்தை வைத்து அவருக்கும் விளக்கினார்கள். மில்லுக்காரரும் மொட்டையாண்டிபுதூர்க்காரர்தானே, யோசித்துப் பார்த்து டீ சொல்லி அனுப்பினார். டீ வந்தது, குடித்தார்கள். நாச்சிமுத்து படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டு, முருகா, எங்கேயும் நிற்காமல் வந்து சேரட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

'டங்' என்றது தாம்பாளம்.

மாரப்பன் ஓடிப்போய்ப் பார்த்தார். தாம்பாளத்தின் நடுவில் சின்னதாக ஒரு சொட்டை விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு தென்னங்குரும்பை உருண்டு கிடந்தது. கால் இடறாமல் இருக்க அதைச் சின்னையன் எடுத்துத் தூர எறிந்தார்.

"வந்துருச்சுங்க" என்றார் கருப்பண்ணன்.

மில்லுக்காரர் சொட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, நாச்சிமுத்துவைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். குடோன் இனி கழகத்துக்கே என்று அங்கேயே வாக்குக் கொடுத்தார். அதோடு விட்டாரா? இவ்வளவு தூரம் போகிற குண்டுக்கு நம் சுவர் ஒரு தடையாக இருக்கலாமா என்று பின் சுவரை இடிக்கச் சொன்னார். காகிதத்தைக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். திரும்பி வருகிற குண்டுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று தென்னை மரத்தையும் வெட்டச் சொன்னார்.

எல்லாம் முடிந்து, வழி நன்றாகத் திறந்த பிறகு, பொங்கலன்று காலையில் நாச்சிமுத்து மறுபடி படுத்துச் சுட்டார். அந்தக் குண்டு இன்னும் வந்து சேரவில்லை.

நடுவில் எழுந்திருக்கவும் முடியாது. அவர் எழுந்துவிட்டால் குண்டு நிற்காமல் இன்னொரு சுற்றுப் போய்விடும், வழியில் யார் இருப்பார்களோ என்று கருப்பண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டைப் பூவாத்தா அங்கேயே கொண்டுவந்து கொடுக்கிறாள்.

"தாம்பாளத்தையாச்சும் அவுத்துக் குடுங்க. நாளைக்கு மச்சினி சீரு."

"வந்த ஒடனே தந்தர்றேன். இப்ப வந்துரும்."

பின் சுவர் இல்லாத குடோனுக்குள் இப்போதெல்லாம் சோளக்காட்டுப் பக்கத்துக் கோழிகள் தாராளமாக வந்து போகின்றன. அவை குறுக்கே வந்து குண்டில் அடிபடக் கூடாது என்பதற்காக, படுத்த இடத்திலிருந்தே அவ்வப்போது ஒரு பிடி கம்புத் தானியத்தை எடுத்து ஓரமாக வீசிக்கொண்டிருக்கிறார் செயலாளர் நாச்சிமுத்து.