எண்பத்தொரு நட்சத்திரம்

ஐம்பத்திரண்டு வயதில் தேவசகாயம் ஒரு புதிய கணினி மொழியில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்த இர்ஃபானா அவரைவிட இருபது வயது இளையவள். வேலை, மருத்துவமனையில் நோயாளிகளுக்கு டயாலிசிஸ் முறை ஒதுக்கும் மென்பொருள்.

நோயாளி விவரம் இருக்கும் டேட்டாபேஸிடம் பேச, மற்றவர்கள் எழுதித் திறந்து வைத்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகளில் எது என்று அன்று மாலைக்குள் அவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மூன்று இருந்தன. முதலாவதையே எடுக்கும்படி மேனேஜர் சொல்லியாயிற்று.

"டீச்சர், எதை எடுக்கட்டும்?"

"எதைப் பார்த்து எடை போட்டீங்க அண்ணே?"

"எத்தனை பேர் பிடிச்சிருக்குன்னு நட்சத்திரம் குத்தியிருக்காங்கன்னு. முதலாவதுக்கு ஒன்பதாயிரம். மூணாவதுக்கு எண்பத்தொண்ணுதான்."

"சினிமாவுக்கா போறோம்?"

கீபோர்டை இழுத்தாள். அட்டவணையில் இல்லாத ஒரு கட்டத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதி, மூன்றிலும் நோயாளிப் பட்டியலைக் கேட்டாள்.

முதலாவது ஜோராக ஓடியது. திரையில் வந்தது: 'இன்று நோயாளிகள் இல்லை.'

தேவசகாயம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கீழே வராந்தாவில் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

இரண்டாவது, ஓடும்போது நடுவில் நின்று நாற்பது வரி கதறியது. எங்கே வலி என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாவது ஓடவே மறுத்தது. 'இந்தக் கட்டம் அட்டவணையில் இல்லை. பன்னிரண்டாம் வரி.'

"இதுதான்" என்றவர் உடனே தயங்கினார். "ஆனா இதை எழுதுறது ஒரே ஆளு டீச்சர். ஏதோ குளிர் நாட்டுல இருக்காரு. ரெண்டு வருஷமா புதுப் பதிப்பே வரல. கெட்டுப்போனா யாரைக் கூப்பிடுவீருன்னு மேனேஜர் கேப்பாரே?"

"முதலாவது கெட்டா அவரு யாரைக் கூப்பிடுவாராம்?"

தேவசகாயம் மூன்றாவதின் பக்கத்தை மறுபடி திறந்தார்.

"உள்ளே படிச்சுப் பார்த்தீங்களா?"

"நான் படிக்கலாமா?"

"எல்லாத்தையும் திறந்துதானே போட்டிருக்காரு. ஆயிரத்தெண்ணூறு வரி."

தேவசகாயம் சாப்பிடக்கூடப் போகவில்லை. இரண்டு இடத்தில் முட்டிக்கொண்டார், கேட்டுத் தெரிந்துகொண்டார். ஓரிடத்தில் தவறு கண்டுபிடித்து அவரே திருத்தினார். நான்கரைக்கு, படிவத்தில் முன்பே அச்சடித்திருந்த முதலாவதின் பெயரை அடித்துவிட்டு, மூன்றாவதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் வந்து பார்த்தார்.

"நான் சொன்னதை அடிக்க உமக்கு என்ன தைரியம்? எண்பத்தொரு பேர் தொட்டதை நம்பி ஆஸ்பத்திரி நடத்தவா? அந்த ஆளு நாளைக்கே செத்துப்போனா?"

மேனேஜர் நீட்டிய படிவத்தைத் தேவசகாயம் திரும்ப வாங்கவில்லை. இர்ஃபானாவைப் பார்த்தார்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"அண்ணன் இருக்காரு சார்."