நண்டு பார்த்த திருவிழா

நண்டும் நிலாவும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், நிலா இப்போது இருப்பதுபோல் இல்லை. வளர்வதும் கிடையாது, தேய்வதும் கிடையாது. வெட்டி எறிந்த நகத்துண்டு மாதிரி வருஷம் முழுக்க ஒரே அளவு. நண்டு அதற்கு நேர்மாறு. எந்த நாளில் பிடித்தாலும் ஓடு தெறிக்கிற அளவுக்குச் சதை. காலை உடைத்தால் கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளை வெளேரென்று வருமாம். எனக்கு அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

ஆறு கடலில் விழுகிற இடத்தில் ஒரு மீனவர் ஊர். மாசி மாதம் அறுவடை முடிந்ததும் உள்நாட்டுப் பக்கத்து வயல்காட்டு ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு, புது அரிசியும் வெல்லமுமாக அங்கே வந்து இறங்குவார்கள். சாமியைத் தூக்கி வந்து கடலில் நீராட்டுவார்கள். மேளம், நாயனம், தீப்பந்தம், வளையல் கடை என்று கரையே அமர்க்களப்படும். சாமி நீராடி முடிந்ததும் விருந்தாளிகளுக்கு மீனவர் வீடுகளில் நண்டுக் குழம்பு. மற்ற எல்லோருக்கும் அது திருவிழா, நண்டுக்கு மட்டும் எழவு.

அந்த ஆற்றுச் சேற்றில் ஒரு பெண் நண்டு இருந்தது. மேளச் சத்தம் கேட்டால் அதன் எட்டுக் காலும் ஓரிடத்தில் நிற்காது. ஆனால் ஒரு திருவிழாவையும் அது கண்ணால் பார்த்ததில்லை. பார்க்கிறேன் என்று கரையேறிய அதன் அம்மா ஒரு வருஷம் குழம்புக்குப் போனாள். அடுத்த வருஷம் அக்கா. மூன்றாவது வருஷம் வளைக்குள் ஆழமாகப் புதைந்துகொண்டு, மேலே நாயனம் வாசிக்க வாசிக்க அது அழுதது. ஒரே ஒரு திருவிழாவைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு உயிரோடு வீடு திரும்ப வேண்டும். அதற்கு இருந்த ஆசை இவ்வளவுதான்.

நிலாவுக்கும் ஒரு மனக்குறை உண்டு. வானத்தில் அது வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது. திருவிழா நாளில்கூட ஜனங்கள் தீப்பந்தத்தைப் பார்ப்பார்களே தவிர, தலையை நிமிர்த்த மாட்டார்கள். நாலாவது வருஷம் திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம், நிலா இதைச் சொல்லி நண்டிடம் புலம்பியது. கேட்டுக்கொண்டே இருந்த நண்டுக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

“மாமா, எனக்கு இந்தச் சதையாலதான் சாவு. உங்களுக்கு அது இல்லாததாலதான் உங்களை யாரும் பாக்கல. திருவிழா முடியிறவரைக்கும் இதை நீங்களே வெச்சுக்குங்க.”

திருவிழாவுக்கு மறுநாளே திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பேச்சு. நிலா சரி சரி என்று தலையாட்டியது. கொஞ்சம் வேகமாகவே ஆட்டியது.

நண்டு தன் இனத்தையெல்லாம் கூட்டிச் சங்கதியைச் சொன்னது. இது என்ன கூத்து என்று எல்லாம் முணுமுணுத்தன. ஒரு கிழட்டு நண்டு மட்டும் நேராகவே கேட்டது, “சதை போயிட்டா நம்மகிட்ட என்னடி மிஞ்சும்?”

“உயிர் மிஞ்சும், தாத்தா.”

எல்லா நண்டும் கொடுக்கைத் தூக்கி நின்றன. வெள்ளைச் சதை முழுக்க மேலே போய் நிலாவோடு ஒட்டிக்கொண்டது. நிலா வெட்கப்பட்டுக்கொண்டு கடலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

மறுநாள் திருவிழா. அந்த ஊரில் பூங்காவனம் என்று ஒருத்தி. கைப்பக்குவக்காரி, அவள் குழம்புக்கு ஊரே நாக்கைத் தொங்கப் போடும். மகளை வயல்காட்டு ஊரில் கட்டிக்கொடுத்து ஆறு மாதம் ஆகிறது. சம்பந்தி தையல்நாயகி முதல்முறையாக விருந்துக்கு வந்திருக்கிறாள். பூங்காவனம் ஒரு கூடை நண்டைப் பிடித்து வைத்திருந்தாள். அந்தக் கூடையில் நம் நண்டும் இருந்தது. மேளம் நன்றாகக் கேட்கட்டும் என்று கரையோரமாக வந்திருக்கிறது, பைத்தியம்.

சாமி நீராடி முடிந்தது, பொழுது சாய்கிற நேரம். தையல்நாயகி வீட்டார் பன்னிரண்டு பேர் இலை போட்டு உட்கார்ந்தாயிற்று. பூங்காவனம் கொல்லைப்புறத்தில் முதல் நண்டை எடுத்துக் காலை உடைத்தாள். தண்ணீர்தான் வந்தது. அடுத்ததிலும் தண்ணீர். மூன்றாவதை உடைக்காமல் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். பொக்கென்று குழிந்தது. வேறு கறி எதுவும் செய்யவில்லை. சம்பந்தி முன்னால் வெறும் சோற்றை வைத்தால் மகள் அந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து வாழ்வாள்?

ஆத்திரத்தில் கூடையை எட்டி உதைத்தாள். மற்றவையெல்லாம் ஆற்றைப் பார்த்து ஓடின. ஒன்று மட்டும் ஓடாமல், மேளம் வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பூங்காவனம் அதன் முதுகைப் பிடித்துத் தூக்கினாள்.

“என் மானத்தை வாங்கிட்டீங்களேடி. உங்க சதையெல்லாம் எங்கடி போச்சு?”

நண்டு ஒரு கொடுக்கைத் தூக்கிக் கடலைக் காட்டியது.

அங்கே நிலா ஏறிக்கொண்டிருந்தது. முழுசாக, பெரிய தாம்பாளம் அளவுக்கு. அதற்குமுன் உலகத்தில் யாரும் பார்த்திராத நிலா. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். தீப்பந்தம் பிடித்தவர்கள் அதை மணலில் குத்தி அணைத்துவிட்டார்கள். இலையில் உட்கார்ந்திருந்த தையல்நாயகி எழுந்து வெளியே வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

“சம்பந்தி, இதை விட்டுட்டு உள்ள உக்காந்து எப்படிங்க சாப்பிடறது? சோத்தை மணலுக்குக் கொண்டாந்துடுங்க.”

புளியைக் கரைத்து அவசரமாகக் கிளறிய சோற்றையும் நாலு அப்பளத்தையும் பூங்காவனம் மணலுக்குக் கொண்டுவந்தாள். வட்டமாக உட்கார்ந்து, உருண்டை உருண்டையாகப் பிடித்துக் கையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். நண்டைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. இப்படி ஒரு சாப்பாடு என் ஆயுசில் சாப்பிட்டதில்லை என்று தையல்நாயகி மருமகளின் கன்னத்தைத் தடவிச் சொன்னாள். பூங்காவனத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான், சமைக்கப் போனபோது முந்தானையில் முடிந்துகொண்ட நண்டு ஞாபகம் வந்தது. அதைப் பக்கத்தில் மணலில் இறக்கிவிட்டாள்.

“பயப்படாத. இருந்து பாத்துட்டுப் போ.”

நண்டு பார்த்தது. சாமி, நாயனம், கோலாட்டம், வளையல் கடை, ஒன்றையும் விடவில்லை.

மறுநாள் நிலா சதையைத் தரவில்லை. இன்னும் ஒருநாள், ஜனங்கள் என்னை எப்படிப் பார்த்தார்கள் பார்த்தாயா என்று கெஞ்சியது. நண்டுக்கோ கொடுக்கை மூடக்கூடத் தெம்பில்லை. அலை அடித்த பக்கமெல்லாம் உருண்டது. அப்படியும் தண்ணீர் ஓரம் வரை ஊர்ந்து வந்து சொன்னது, “நான் பாத்துட்டேன் மாமா, செத்தாலும் எனக்குக் கவலையில்ல. ஆனா அடுத்த திருவிழாவுக்கு உங்களுக்கு யாரு குடுப்பா?”

பொய்தான். அடுத்த திருவிழாவையும் பார்க்க அதற்கு ஆசை இருந்தது. ஆனால் நிலாவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு ஒரு துண்டு கொடுத்தது, மறுநாள் ஒரு துண்டு. மனசில்லாமல் கொடுப்பவன் நேரம் கழித்துத்தானே வருவான்? நாளுக்கு நாள் தாமதமாக வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது. பதினைந்தாம் நாள், செய்தது தப்பு என்று தோன்றி, தன் சொந்த நகத்துண்டையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு இருட்டில் ஒண்டிக்கொண்டது. நண்டுக்குப் பாவமாகிவிட்டது. மறுநாளிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே அனுப்ப ஆரம்பித்தது. இன்றுவரை இரண்டும் இப்படியே மாற்றிக்கொண்டிருக்கின்றன.

பூங்காவனம் ஊர்க்கூட்டத்தில் எழுந்து ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். நண்டு காலியாக இருக்கிற நாளில்தான் இனிமேல் திருவிழா, சம்பந்திக்கு நண்டு வேண்டுமென்றால் அமாவாசைக்கு வரட்டும். இப்போதும் பௌர்ணமியன்று நண்டு கேட்டால், நண்டு விற்கிற அம்மா வயிற்றை அமுக்கிக் காட்டி, இன்றைக்குச் சதை இருக்காது என்று நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி என்று நல்ல நாளெல்லாம் முழுநிலாவோடு வருவதும், ஜனங்கள் மணலில் உட்கார்ந்து நிலாச்சோறு சாப்பிடுவதும், நண்டு இரண்டு கண்ணையும் தூக்கி வைத்துக்கொண்டு பயமில்லாமல் திருவிழா பார்ப்பதும் அன்றிலிருந்துதான்.