முள்ளம்பன்றி ஏன் பின்பக்கமாகப் பாய்கிறது

விலங்குக்கும் மனுசருக்கும் ஒரே பேச்சு, ஒரே சுனை என்றிருந்த காலத்தில் முள்ளம்பன்றியின் உடம்பில் ஒரு முள்கூடக் கிடையாது. நம்பினால் நம்புங்கள். கழுத்திலிருந்து வால்வரை முடிதான். கருகருவென்று, மெத்துமெத்தென்று, நடந்தால் தரையைக் கூட்டுகிற நீளத்துக்கு முடி. அதனால் காட்டில் அவளுக்குச் சடைச்சி என்றுதான் பெயர்.

சடைச்சிக்கு அந்த முடிமேல் அப்படி ஓர் ஆசை. ஆசைப்பட்டால் என்ன தப்பு? அவள் முடி, அவள் வளர்த்தது. மலையடிவாரத்துக் குடிசையில் இருந்த காத்தாயி என்கிற பெண் அவளுக்கு உற்ற தோழி. காத்தாயிக்கும் முழங்கால்வரை கூந்தல். இரண்டு பேரும் காலையில் கல்சுனைக்குப் போவார்கள், குளிப்பார்கள், பாறையில் உட்கார்ந்து ஒருத்தி தலையை ஒருத்தி சிக்கெடுத்துவிடுவார்கள். மலையில் நடந்த வம்பு அத்தனையும் அங்கே அலசிக் காயப்போடப்படும்.

அதே காட்டில் ஒரு சிறுத்தையும் இருந்தான். வேலை வெட்டி இல்லாத பயல். சுனைக்குப் போகிற பாதையில் புதருக்குப் பின்னால் படுத்துக் கிடப்பான். நீள முடி வைத்த பெண் யார் வந்தாலும் பின்னாலிருந்து பாய்ந்து, கொத்தாகப் பிடித்து இழுப்பான். பசித்துத் தின்பதற்கா என்றால் அதுவும் இல்லை. அவள் அலறுவதைக் கேட்கவேண்டும், அவ்வளவுதான். கூட நின்று கெக்கலிக்க நாலு நரிகள் வேறு. தூ!

ஒருநாள் காத்தாயிக்குக் காய்ச்சல். சடைச்சி தனியாகக் குளித்துவிட்டுத் திரும்பும்போது அவன் கையில் அகப்பட்டாள். பின்னாலிருந்து பிடி விழுந்ததும் அவள் பதறிப்போய் முன்னால் ஓடப் பார்த்தாள். அவள் முன்னால் இழுக்க, அவன் பின்னால் இழுக்க, உள்ளங்கை அகலத்துக்கு முடி தோலோடு பிய்ந்து வந்தது. ரத்தம் ஒழுக ஒழுக வீடு வந்து சேர்ந்தாள்.

நேராகக் கரடியிடம் போய் முறையிட்டாள். கரடிதான் அந்தக் காட்டுக்கு நாட்டாமை. "கூட்டம் போடுவோம், போடுவோம்" என்று சொல்லிச் சொல்லியே ஏழு நாளைக் கடத்தியது. எட்டாம் நாள் ஆலமரத்தடியில் கூடினார்கள். கரடிக்குப் பக்கத்தில் மயில் உட்கார்ந்திருந்தான். சிறுத்தையை யாரும் நடுவில் கூப்பிட்டு நிறுத்தவில்லை. அவன் பாட்டுக்கு நிழலில் படுத்துக் கையை நக்கிக்கொண்டிருந்தான். நடுவில் நின்றது சடைச்சி.

"எந்நேரத்துக்குப் போனே?" என்றது கரடி.

"விடிஞ்ச பிறகு."

"தனியாவா?"

"ஆமா."

"முடியை அள்ளி முடிஞ்சிருந்தியா, விரிச்சுப் போட்டிருந்தியா?"

"குளிச்சுட்டு வர்றேன், ஈரத்தலை. விரிச்சுத்தான் போட்டிருந்தேன்."

"அதானே பார்த்தேன்!" என்று கரடி தலையை ஆட்டியது.

மயில் தொண்டையைக் கனைத்தான். "பொம்பளைக்கு எதுக்கு இத்தனை நீளம்? அடக்கமா வச்சுக்கிட்டா யார் பிடிக்கப்போறா?" என்றான். கேட்டவன் யார்? நாலு முழத் தோகையை நீட்டிப் போட்டு, அந்தப் பக்கம் ஒருத்தரும் உட்கார இடமில்லாமல் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தவன்!

கரடி தீர்ப்புச் சொன்னது. "இந்தா பாரு சடைச்சி, முள்ளு மேல சேலை பட்டாலும் சேலை மேல முள்ளு பட்டாலும் கிழியறது சேலைதான். அதனால சேலைதான் பார்த்து நடந்துக்கணும். வர்ற பௌர்ணமிக்குள்ள நீள முடி வச்சிருக்கிற பொம்பளைங்க எல்லாரும் ஒட்டச் சிரைச்சிரணும். சிரைக்கிற வரைக்கும் சுனைப்பக்கம் கால் வைக்கக்கூடாது."

அதுவோ பாறை வெடிக்கிற கோடை. மலையில் வேறு பொட்டுத் தண்ணீர் கிடையாது. மயிரைக் கொடு, இல்லையென்றால் உயிரைக் கொடு. இதற்குப் பெயர் நியாயமாம்!

சடைச்சிக்கு ரத்தம் கொதித்தது. "நாட்டாமை, உங்க உடம்பு பூரா முளைச்சிருக்கே, அது என்ன, கோரைப்புல்லா? உங்களை எவனாவது பிடிச்சு இழுத்தானா? உங்களைச் சிரைக்கச் சொன்னாங்களா?"

"வாய் ரொம்ப நீளம்டி உனக்கு!"

"முதல்ல முடி நீளம், இப்ப வாயும் நீளமா? கிழியறது சேலைதான்னா, நான் முள்ளாவே இருந்துட்டுப் போறேன் போங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நரிகள் உருண்டு உருண்டு சிரித்தன. சடைச்சி ஒருத்தர் முகத்தையும் பார்க்காமல் வந்துவிட்டாள்.

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, தாகம் யாரை விட்டது? காத்தாயிக்கும் அதே தடைதான். இரண்டு பேரும் கிழங்கைத் தோண்டிக் கடித்துச் சாற்றை உறிஞ்சினார்கள். நாலாம் நாள் சடைச்சியின் நாக்கு மரத்துப்போனது.

"காத்தாயி, கத்தியை எடுத்துட்டு வா. சிரைச்சு விட்டுரு" என்றாள். சொல்லும்போதே அழுதாள்.

"என்னடி பேசறே? அவன் செஞ்ச தப்புக்கு உன் தலையைச் சிரைக்கறதா? இன்னிக்கு முடிம்பான், நாளைக்குத் தோலுதான் பளபளன்னு இருக்கு, அதை உரிம்பான். கத்தியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது!" என்று காத்தாயி வெடுக்கென்று எழுந்தாள்.

எழுந்த வேகத்தில் அவள் கூந்தல் பக்கத்து இலந்தைப் புதரில் மாட்டிக்கொண்டது. காத்தாயி யோசிக்கவேயில்லை. ஒரு கையால் முடியை அடியோடு சேர்த்துத் தலையில் அழுத்திக்கொண்டாள், புதர் பக்கமாகவே ஓரடி பின்னால் போனாள், மற்றக் கையால் சிக்கை எடுத்துவிட்டாள். தினமும் விறகுக்குப் போகிறவள், பழகிய கை.

சடைச்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏண்டி, நீ ஏன் முன்னால இழுக்கலை?"

"முள்ளுல மாட்டினா எவளாவது முன்னால இழுப்பாளா? வேரோட வந்துராதா? பின்னாலதான்..." என்று சொல்லிக்கொண்டே வந்த காத்தாயி சட்டென்று நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். முள்ளுக்குச் செய்யத் தெரிந்த வித்தையைச் சிறுத்தைக்குச் செய்யாமல் போனோமே!

அன்றைக்கே ஆரம்பித்தார்கள். சடைச்சி பின்னாலிருந்து காத்தாயியின் கூந்தலைக் கவ்வி இழுத்தாள். காத்தாயி ஓடவில்லை. இரண்டு கையாலும் பிடித்த இடத்தைத் தலையோடு அழுத்திக்கொண்டாள். அப்படி அழுத்தினால் இழுக்கிற இழுப்பு வேருக்குப் போகவில்லை. அழுத்தியபடியே பின்னால் வந்து குதிகாலால் ஒரு மிதி, முழங்கையால் விலாவில் ஓர் இடி. "அய்யோ, மெதுவாடி!" என்று சடைச்சி கத்தினாள். பிறகு இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஆனால் சடைச்சியின் முறை வந்தபோது காரியம் ஆகவில்லை. அவளுக்குக் குட்டைக் கால். தலைக்குப் பின்னால் எட்டவில்லை. "பின்னால போகத் தெரியுது. போய் என்ன செய்யறது?" என்று அவள் சோர்ந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இலந்தைப் புதரையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "கூட்டத்துல நான் சும்மா சொல்லலைடி. நிஜமாவே முள்ளாயிடறேன்."

உடைமரத்து முள்ளைப் பார்த்திருப்பீர்கள், விரல் நீளத்துக்கு வெள்ளைவெளேரென்று இருக்கும். காத்தாயி அதை மடிமடியாக ஒடித்து வந்தாள். சடைச்சி கிழங்குச் சாற்றில் வேலம்பிசினைக் கரைத்தாள். ஒவ்வொரு முள்ளையும் முடிக்கற்றையின் அடியில் வைத்து, கொஞ்சம் சுற்றி, கொஞ்சம் விட்டு, மறுபடி சுற்றிப் பிசின் தடவினார்கள். முடி சுற்றிய இடம் கறுப்பு, விட்ட இடம் வெள்ளை. ஒரு முள் போதாத இடத்தில் இன்னொன்றை ஒட்டி நீட்டினார்கள். மூன்று நாள் கோடை வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. முடியும் முள்ளும் ஒன்றாக இறுகிப்போயின. பெயர்க்க நினைத்தாலும் பெயராது.

பௌர்ணமி காலையில் சடைச்சி சுனைக்குப் போனாள். முள்ளையெல்லாம் படியவைத்திருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய சடைபோலத்தான் இருந்தது. பயம் இல்லையா என்றால், இருந்தது. ஆனாலும் போனாள்.

புதர் அசைந்தது. பிடி விழுந்தது. ஓடு, ஓடு என்று கால் நாலும் சொல்லின. சடைச்சி ஓடவில்லை. உடம்பைச் சிலிர்த்தாள், முள் அத்தனையும் நிமிர்ந்தது. இருந்த பலமெல்லாம் சேர்த்துப் பின்பக்கமாகவே அவன்மேல் பாய்ந்தாள்.

சிறுத்தை போட்ட கூச்சல் மலைக்கு அந்தப் பக்கம் கேட்டது. கையில் முள், மூக்கில் முள், உதட்டில் முள். நரிகள் இருந்த இடம் தெரியவில்லை.

சடைச்சி அழுதபோது கூடுவதற்கு ஏழு நாள் ஆன கூட்டம், சிறுத்தை அழுதபோது நடுப்பகலுக்குள் கூடிவிட்டது. எவ்வளவு அக்கறை பாருங்கள்!

"அவன் கையைப் பாரு, பாவம், எப்படி வீங்கிக் கிடக்கு! உனக்கு இரக்கமே இல்லையா?" என்று கரடி உறுமியது.

"அந்தக் கைக்கு என் தலையில என்ன வேலைன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றாள் சடைச்சி.

அவள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சரசரவென்று ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தாள். கரடி இரண்டடி பின்னால் போனது. மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டான். சடைச்சி சுனையில் இறங்கி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள். காத்தாயியும் கூந்தலை அவிழ்த்துப்போட்டுக் குளித்தாள். தரையில் விழுந்து கிடந்த ஒரு முள்ளை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பிறகு காத்தாயி கர்ப்பமானாள். அவள் தலையில் வகிடு எடுக்கச் சடைச்சியே தன் முள்ளைக் கொடுத்தாள். "பொண்ணு பிறந்தா நீளமா வளர்க்கட்டும்" என்றாள்.

அன்று தொட்டுத்தான் முள்ளம்பன்றி எதிரியைக் கண்டால் ஓடாமல் முதுகைத் திருப்பிப் பின்பக்கமாகவே பாய்கிறது. அன்று தொட்டுத்தான் சீமந்தத்தில் பிள்ளைத்தாய்ச்சிக்கு முள்ளம்பன்றி முள்ளால் வகிடு எடுக்கிறார்கள். இந்தத் தலையில் கை வைக்கிறவன் கையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அர்த்தம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.